65 வீதம் முடிந்தது என்றால் எப்போது முடியும்? காலக்கோட்டு வரைபடம் பற்றிய ஒரு விளக்கம்

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்கள் பற்றிய செய்திகளில் ஒரே அச்சில் வார்த்த ஒரு வசனம் ஆண்டுதோறும் வருகிறது: குறித்த வேலைத்திட்டத்தின் பௌதீக முன்னேற்றம் (செய்து முடித்த வேலை) 65 வீதம், நிதி முன்னேற்றம் (கொடுபட்ட பணம்) 40 வீதம். தேர்வுப் புள்ளியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 65 நல்ல புள்ளியாகவும் 40 மோசமான புள்ளியாகவும் தெரிவது இயல்பு. ஆனால் அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு வேலை நேரத்துக்கு முடியுமா, பிந்துமா, பணம் வீணாகிறதா என்று எவராலும் சொல்ல முடியாது. இன்றைய திகதியில் எத்தனை வீதம் முடிந்திருக்க வேண்டும் என்ற மூன்றாவது எண் இல்லாமல் மற்ற இரண்டுக்கும் பொருள் இல்லை. அந்த மூன்றாவது எண் பிறக்கும் இடம்தான் காலக்கோட்டு வரைபடம். பொறியியலாளர்கள் இதனைக் கான்ட் வரைபடம் என்பார்கள்.

வரைபடம் எதைக் காட்டுகிறது

ஒரு தாளின் மேல் விளிம்பில் இடமிருந்து வலமாக நாட்களையோ கிழமைகளையோ மாதங்களையோ சம இடைவெளியில் குறித்துக்கொள்ள வேண்டும். இடப்பக்க ஓரத்தில் மேலிருந்து கீழாக வேலைகளின் பெயர்களை எழுத வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் அது தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள் வரை ஒரு பட்டையை வரைய வேண்டும். பட்டையின் நீளமே வேலையின் காலம். இவ்வளவும் செய்தால் வரைபடத்தின் பாதி முடிந்துவிடும். பெரும்பாலான அலுவலகச் சுவர்களில் தொங்குவது இந்தப் பாதிதான்.

மற்றப் பாதி, ஒரு பட்டையின் முடிவிலிருந்து இன்னொரு பட்டையின் தொடக்கத்துக்குப் போகும் அம்புக்குறிகள். இந்த வேலை முடியாமல் அந்த வேலையைத் தொடங்க முடியாது என்பதை அவை சொல்கின்றன. இதனைச் சார்பு என்று அழைப்போம். சார்பு குறிக்கப்படாத வரைபடம் திகதிகளை மட்டும் தரும். அந்தத் திகதிகள் ஏன் அப்படி அமைந்தன என்ற காரணத்தைத் தராது. ஒரு வேலை இரண்டு கிழமை பிந்தினால் எந்தெந்த வேலைகள் அதனோடு இழுபடும் என்ற கேள்விக்கு அத்தகைய வரைபடத்திடம் விடையே இல்லை.

பட்டைகள் முந்தி, அம்புகள் பிந்தி

வரலாற்றிலும் இந்த இரண்டு பாதிகள் வேறு வேறு காலத்திலேயே வந்து சேர்ந்தன. காலத்தை நீளமாக வரைந்து காட்டும் எண்ணம் பழையது. இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி 1765இல் ஏறத்தாழ 2,000 புகழ்பெற்ற மனிதர்களின் வாழ்நாட்களைக் கிடைக்கோடுகளாக வரைந்து ஒரே தாளில் வெளியிட்டார். தொழிற்சாலை வேலைக்கு இதனைக் கொண்டுவந்தவர்களில் முந்தியவர் போலந்து நாட்டுப் பொறியியலாளர் கரோல் அடமியெக்கி. 1896இல் அவர் வகுத்த முறையில் ஒவ்வொரு வேலைக்கும் முந்திய வேலை எது, பிந்திய வேலை எது என்பதும் குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர் எழுதியவை போலிஷ், ரஷ்ய மொழிகளில் இருந்தமையால் மேற்குலகை அடையவில்லை.

பெயரைத் தட்டிக்கொண்டவர் அமெரிக்கப் பொறியியலாளர் ஹென்றி கான்ட் (1861–1919). அவர் முதலில் செய்தது எதிர்காலத்தைத் திட்டமிடும் வேலையே அல்ல என்பது இன்று பலரும் மறந்துவிட்ட செய்தி. பட்டறையில் ஒரு தொழிலாளியோ ஒரு இயந்திரமோ இன்று செய்திருக்க வேண்டிய வேலை எவ்வளவு, செய்தது எவ்வளவு என்பதை ஒரே கோட்டில் அருகருகே காட்டுவதே அவருடைய நோக்கம். முதலாம் உலகப்போரின்போது அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியிலும் கப்பல் கட்டுமானத்திலும் இந்த வரைபடங்கள் பயன்பட்டன. அவற்றில் இன்று நாம் வரையும் சார்பு அம்புகள் இல்லை.

அம்புகளுக்கு முறையான கணக்கு வந்தது 1950களின் இறுதியில். 1957இல் டியூபொண்ட் இரசாயன நிறுவனத்தின் மோர்கன் வோக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெலியும் சேர்ந்து முக்கியப் பாதை முறையை உருவாக்கினர். 1958இல் அமெரிக்கக் கடற்படை தனது பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக, காலம் நிச்சயமாகத் தெரியாத வேலைகளையும் கணக்கில் சேர்க்கும் இன்னொரு முறையைக் கொண்டுவந்தது. இன்றைய கணினி மென்பொருள்கள் கான்ட்டின் பட்டையையும் இந்த அம்புகளையும் ஒன்றாக இணைத்துத் தருகின்றன. போலந்துக்காரர் 1896இலேயே செய்ததை நோக்கி உலகம் அறுபது ஆண்டுகள் சுற்றி வந்தது என்றும் சொல்லலாம்.

ஒரு சனசமூக நிலையம்

கோட்பாட்டை விட்டு ஓர் உதாரணத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் தட்டைக் கொங்கிறீற் கூரையுடன் ஒரு மாடிச் சனசமூக நிலையக் கட்டடம் ஒன்று எழுப்பப்பட இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலங்கள் கற்பனையானவை, ஆனால் ஊரில் வீடு கட்டிய எவருக்கும் புதியவை அல்ல.

1. வரைபடமும் மதிப்பீடும் தயாரித்தல்: 2 கிழமை.
2. பிரதேச சபையின் கட்டட அனுமதி: 4 கிழமை. 1 முடிந்த பின்.
3. கல்லரிந்து, நீரூற்றி இறுக விடுதல்: 4 கிழமை. 1 முடிந்த பின்.
4. கதவு, யன்னல் நிலைகளைத் தச்சரிடம் செய்வித்தல்: 6 கிழமை. 1 முடிந்த பின்.
5. அத்திவாரம்: 3 கிழமை. 2 முடிந்த பின்.
6. சுவர்: 4 கிழமை. 3, 4, 5 மூன்றும் முடிந்த பின்.
7. பலகை அடித்து, கம்பி கட்டி, கூரைக்குக் கொங்கிறீற் போடுதல்: 3 கிழமை. 6 முடிந்த பின்.
8. கொங்கிறீற் இறுகும் வரை முட்டுகளைக் கழற்றாமல் காத்திருத்தல்: 3 கிழமை. 7 முடிந்த பின்.
9. மின்வயர்க் குழாய்கள், பூச்சு: 4 கிழமை. 8 முடிந்த பின்.
10. நிலம், கதவு பொருத்துதல், வர்ணம்: 4 கிழமை. 9 முடிந்த பின்.

எல்லாக் காலங்களையும் கூட்டினால் 37 கிழமை வரும். ஆனால் கட்டடம் 27 கிழமையில் முடியும். கல்லரிதலும் நிலை செய்தலும், அனுமதிக்காகக் காத்திருக்கும் நாட்களிலும் அத்திவார நாட்களிலும் பக்கத்திலேயே நடந்துவிடுவதால் 10 கிழமை மிஞ்சுகிறது.

எட்டாவது வரியைச் சிலர் வேலையாகவே எண்ணுவதில்லை. அந்த மூன்று கிழமையிலும் ஆட்கள் தளத்தில் நிற்பதில்லை. கூரைக்கு நீர் கட்டுபவரைத் தவிர எவரும் வரத் தேவையில்லை. கொங்கிறீற்றின் வலிமையை 28ஆம் நாளில் சோதிப்பது கட்டுமானத் துறையின் வழமை. அதற்கு முந்திய நாட்களில் அதன் மேல் எவ்வளவு பாரத்தை வைக்கலாம் என்பது பொறியியலாளர் சொல்ல வேண்டிய விடயம். ஆள் இல்லை என்பதற்காகக் காலம் இல்லாமற் போகாது. காத்திருப்பைப் பட்டையாக வரையாத வரைபடம் பின்னர் அந்த நாட்களை வேறு எங்கிருந்தோ திருட வேண்டியிருக்கும், திருடப்படுவது பெரும்பாலும் முட்டு நிற்க வேண்டிய நாட்களிலிருந்துதான்.

முக்கியப் பாதையும் இடைவெளியும்

தொடக்கத்திலிருந்து முடிவு வரை அம்புகளைத் தொடர்ந்து போகக்கூடிய வழிகளில் மிக நீளமானதே முக்கியப் பாதை. மேலுள்ள உதாரணத்தில் அது 1, 2, 5, 6, 7, 8, 9, 10 என்ற வழி: 2, 4, 3, 4, 3, 3, 4, 4 என்பவற்றின் கூட்டுத்தொகை 27. இந்தப் பாதையில் உள்ள ஒரு வேலை ஒரு நாள் பிந்தினால் கட்டடமும் ஒரு நாள் பிந்தும். பாதைக்கு வெளியே உள்ள வேலைகளுக்குச் சற்று இளக்கம் உண்டு. கல்லரிதல் ஆறாம் கிழமையோடு முடிகிறது. கல் தேவைப்படுவது பத்தாம் கிழமையில். ஆகவே அதற்கு மூன்று கிழமை இடைவெளி இருக்கிறது. நிலைகள் எட்டாம் கிழமையோடு முடிகின்றன. அவற்றுக்கு ஒரே ஒரு கிழமை இடைவெளி.

மேசன்மாரைத் துரத்திக்கொண்டு திரிவதே கட்டட வேலையை மேற்பார்வை செய்வது என்ற எண்ணம் ஊரில் உண்டு. வரைபடமோ கண்ணைத் தச்சர் பக்கம் திருப்புகிறது. பிரதேச சபையின் அனுமதி கைக்கு வந்த பிறகு நிலைகளுக்குச் சொல்லலாம் என்று கட்டடக் குழு முடிவெடுத்தால் என்ன ஆகும்? நிலை செய்யும் வேலை ஏழாம் கிழமையில் தொடங்கிப் பன்னிரண்டாம் கிழமையில் முடியும். அத்திவாரம் ஒன்பதாம் கிழமையிலேயே முடிந்து, கல்லும் வளவில் அடுக்கிக் கிடக்க, நிலை வைப்பதற்கு நாள் பார்த்த குருக்களின் திகதியும் தாண்டிப் போக, சுவர் பதின்மூன்றாம் கிழமையில்தான் எழும்பத் தொடங்கும். கட்டடம் 30 கிழமைக்குத் தள்ளிப் போகும். எவரும் சோம்பி இருக்கவில்லை, எவரும் பிழையான வேலை செய்யவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு நான்கு கிழமை பிந்தியது. அதன் விலை மூன்று கிழமை.

அனுமதியில் வரைபடம் மாறினால் செய்த நிலைகள் வீணாகுமே என்று கேட்கலாம். கேள்வி சரியானது. கதவு, யன்னல் அளவுகள் அனுமதியின்போது மாறுவது அபூர்வம் என்றால் முந்திச் சொல்வது இலாபம். மாறக்கூடும் என்றால் பிந்திச் சொல்வது பாதுகாப்பு. வரைபடம் இந்த முடிவை எடுத்துத் தருவதில்லை. இரண்டு பக்கத்திலும் எத்தனை கிழமை பணயம் வைக்கப்படுகிறது என்பதை மாத்திரம் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

ஆறு கிழமை என்று யார் சொன்னது

பட்டையின் நீளம் ஓர் ஊகம். மனிதர் தம் சொந்த வேலைக்குத் தேவைப்படும் காலத்தைக் குறைத்தே மதிப்பிடுவர் என்பதை உளவியலாளர்களான டானியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எடுத்துக் காட்டினர். முன்பு பிந்திய அனுபவம் இருந்தும் இந்த முறை பிந்தாது என்று நம்புவது இந்தச் சாய்வின் இயல்பு. பொலாரிஸ் திட்டத்தில் வந்த முறை இதற்கு ஒரு எளிய மருந்து வைத்திருந்தது. ஒரு எண்ணுக்குப் பதிலாக மூன்று எண்களைக் கேட்க வேண்டும்: எல்லாம் வாய்த்தால் எவ்வளவு, வழமையாக எவ்வளவு, எல்லாம் பிழைத்தால் எவ்வளவு. நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும்.

தச்சரிடம் இப்படிக் கேட்டால், மரம் கையிலிருந்தால் 4 கிழமை, வழமையாக 6 கிழமை, வன்னியிலிருந்து மரம் வருவது தடைப்பட்டால் 14 கிழமை என்று சொல்லக்கூடும். கணக்கு 4, 24, 14 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 42ஐ ஆறால் வகுத்து 7 என்று வரும். ஆகவே முந்தியே சொல்லிவைத்த நிலைகளுக்கும் இருந்த ஒரு கிழமை இடைவெளி கணக்கிலேயே கரைந்துவிட்டது. நிலை செய்தலும் முக்கியப் பாதைக்கு இணையான இரண்டாவது பாதையாகிவிட்டது. 14 என்ற கெட்ட எண் உண்மையானால் சுவர் பதினேழாம் கிழமையில்தான் தொடங்கும். தச்சரிடம் ஆறு கிழமை என்ற ஒரே எண்ணை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் இந்த ஆபத்து எங்கும் பதிவாகியிராது.

ஒவ்வொரு வேலைக்கும் இரகசியமாக ஒரு கிழமை கூட்டி எழுதிவிடுவது இன்னொரு வழக்கம். இது பாதுகாப்பைப் போலத் தோன்றினாலும், கூட்டிக் கொடுத்த நாள் அந்த வேலைக்குள்ளேயே செலவழிந்து போய்விடும். ஆறுதலாகச் செய்யலாம் என்று தெரிந்தால் ஆறுதலாகவே நடக்கும். மேலதிக நாட்களைத் திரட்டி, வரைபடத்தின் கடைசியில் எல்லோருக்கும் தெரியும்படி ஒரே பட்டையாக வைப்பது நல்லது. யார் எவ்வளவை எடுத்தார் என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

மாரியும் டிசெம்பர் 31உம்

இதுவரை கிழமைகளை 1, 2, 3 என்று எண்ணினோம். உண்மையான நாட்காட்டியில் பொருத்தும்போதுதான் யாழ்ப்பாணத்தின் தனித்த சிக்கல் வெளிப்படுகிறது. இங்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியோடு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்கிறது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகும் காலமும் அதுவே. 2020 டிசெம்பரில் புரெவி புயலும், 2024 நவம்பர் கடைசியில் பெங்கல் புயலாக மாறிய தாழமுக்கமும் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தின. அரசின் நிதியாண்டோ ஜனவரி 1இல் தொடங்கி டிசெம்பர் 31இல் முடிகிறது. செலவழிக்காத ஒதுக்கீடு அத்தோடு காலாவதியாகும். பத்திரிகைகள் நிதி திரும்பியது என்று எழுதுவது இதைத்தான். கொழும்பிலிருந்து பார்ப்பவருக்கு ஆண்டு பன்னிரண்டு மாதங்கள் கொண்டது. வெளியில் மண் வெட்டி, கொங்கிறீற் போட்டு, வீதிக்குக் காப்பெற் விரிக்க வேண்டியவருக்கு இங்கே ஆண்டு செப்டெம்பரோடு முடிந்துவிடுகிறது.

தொடக்கமும் பிந்தும். வரவு செலவுத் திட்டம் நிறைவேறிய பிறகே ஒதுக்கீடு அமைச்சுகளுக்கும் மாவட்டங்களுக்கும் வந்து, வேலைகள் தெரிவாகி, மதிப்பீடு செய்யப்பட்டு, ஒப்பந்தகாரர்களிடம் கேள்வி (டெண்டர்) கோரப்பட்டு, ஒப்பந்தம் கைச்சாத்தாக வேண்டும். 2024இன் இரண்டு தேர்தல்களை அடுத்து 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அந்த ஆண்டின் பெப்ரவரியில் சமர்ப்பிக்கப்பட்டு, மார்ச்சில்தான் நிறைவேறியது. இத்தகைய ஆண்டில் ஒரு வேலை ஜூன் நடுப்பகுதிக்கு முந்தித் தொடங்கினாலே பெரிய காரியம்.

நமது சனசமூக நிலையத்தை இரண்டு திகதிகளில் வைத்துப் பார்க்கலாம்.

மார்ச் முதற் கிழமையில் தொடங்கினால் கூரைக் கொங்கிறீற் ஜூன் மாதத்தில் விழும். செப்டெம்பர் முதற் பகுதியில் வர்ணம் பூசி முடியும். சித்திரை வருடப்பிறப்புக்கு மேசன்மார் வராத நாட்களையும், நல்லூர்க் கந்தன் கோவிலின் 25 நாள் மகோற்சவ காலத்தில் ஆட்கள் குறைவதையும் சேர்த்தாலும் மழைக்கு முந்தி வேலை முடிந்துவிடும்.

ஜூன் நடுப்பகுதியில் தொடங்கினால் கூரை வேலை செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் முதற் கிழமை வரை போகும். பூச்சு ஒக்டோபர் இறுதியில் தொடங்கி நவம்பர் இறுதியில் முடியும். வர்ணம் டிசெம்பர் 22ஐ ஒட்டி முடிய வேண்டும். தாளில் பார்த்தால் ஒன்பது நாள் மிச்சம் இருக்கிறது. ஆனால் வெளிப்பூச்சும் வர்ணமும் உச்ச மழையின் நடுவில் நிற்கின்றன. இதற்கு மேல் நிலைகளுக்கு அனுமதி வந்த பின் சொல்லும் பழைய பிழையும் சேர்ந்தால் கூரைக் கொங்கிறீற் ஒக்டோபர் முழுவதும் இழுபட்டு, கட்டடம் ஜனவரி நடுப்பகுதிக்குத் தாண்டும். அதற்குள் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். மார்ச்சில் வெறும் மூன்று கிழமைச் சுணக்கமாக இருந்த அதே பிழை, ஜூனில் பணத்தையே இழக்கச் செய்கிறது. சுணக்கத்தின் விலை அதன் நீளத்தில் மட்டும் இல்லை, அது நாட்காட்டியில் எங்கே விழுகிறது என்பதிலும் இருக்கிறது.

65உம் 40உம்

இனி தொடக்கத்தில் பார்த்த வசனத்தை வாசிக்கலாம். கட்டடத்தின் ஒப்பந்தத் தொகை 80 இலட்சம் ரூபாய் என்று கொள்வோம். கூரை போட்டு முடிந்த பதினாறாம் கிழமை முடிவில் 65 வீதம், பூச்சு முடிந்த இருபத்து மூன்றாம் கிழமை முடிவில் 80 வீதம் என்பது திட்டம். வேலையின் பெறுமதியைக் கொண்டே இந்த வீதங்கள் கணிக்கப்படுகின்றன. நாட்களைக் கொண்டு அல்ல.

பதினாறாம் கிழமை முடிவில் பௌதீக முன்னேற்றம் 65 என்றால் வேலை நேரத்துக்கு நடக்கிறது. அடுத்த மூன்று கிழமைகளிலும் அந்த எண் அசையாது, கொங்கிறீற் இறுகிக்கொண்டிருக்கும். ஒரு மாதமாக முன்னேற்றமே இல்லை என்று கூட்டத்தில் எவராவது எழும்பிக் குற்றம் சாட்டலாம். அவருக்கு முன்னால் வரைபடம் இருந்தால் சாட்டமாட்டார். இருபத்து மூன்றாம் கிழமை முடிவிலும் அதே 65 என்றால் நிலைமை வேறு. திட்டமிட்ட பெறுமதி 64 இலட்சம். உண்மையில் ஈட்டிய பெறுமதி 52 இலட்சம். 52ஐ 64ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.81. ஒன்றுக்குக் குறைந்தால் பிந்துகிறது என்று பொருள். ஒரே 65, ஒரு கிழமையில் பாராட்டு, இன்னொரு கிழமையில் எச்சரிக்கை.

நிதி முன்னேற்றம் 40 என்பது 32 இலட்சம் கொடுபட்டதைக் குறிக்கும். இந்த எண் தாழ்வாக இருப்பதைச் சிக்கனம் என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 52 இலட்சத்துக்கு வேலை செய்து 32 இலட்சம் வாங்கியிருக்கும் ஒப்பந்தகாரர் தன் கையிலிருந்தோ சீமெந்துக் கடைக் கடனிலிருந்தோ 20 இலட்சத்தைத் தளத்தில் புதைத்திருக்கிறார். செய்த வேலையை அளந்து, பட்டியல் சமர்ப்பித்து, அது சரிபார்க்கப்பட்டு, திறைசேரியிலிருந்து கட்டுநிதி (கொடுப்பனவுக்கான காசு) வரும் வரை ஓர் இடைவெளி இருப்பது இயல்பு. அது பெருத்துக்கொண்டே போனால் ஆட்கள் தளத்தை விட்டுக் கழருவர்; அடுத்த மாதப் பௌதீக முன்னேற்றம் அப்போது நிற்கும். எதிர்மாறாக நிதி முன்னேற்றம் பௌதீக முன்னேற்றத்தை மிஞ்சி நின்றால், கொடுத்த முற்பணத்துக்கு வேலை இன்னும் வரவில்லை என்று அர்த்தம். தொடக்கத்தில் அது வழமை, கடைசியில் அது கேள்விக்குரியது.

வீதத்துக்குள் எதைச் சேர்த்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கூரை போடாத கட்டடத்துக்கு வர்ணமும் தரை ஓடும் வாங்கி அடுக்கி, அதனையும் முன்னேற்றமாகக் காட்டினால் எண் உயரும், முக்கியப் பாதை ஓரங்குலமும் நகராது.

வரைபடத்துக்கு வெளியே போகும் அம்பு

சில சார்புகள் ஒரு திட்டத்தின் தாளுக்குள் அடங்குவதில்லை. புதிதாகக் காப்பெற் போட்ட வீதியை அடுத்த மாதமே குழாய் பதிக்க வெட்டுவது ஊரறிந்த காட்சி. வீதிக்கும் ஒரு வரைபடம் இருந்தது, குழாய்க்கும் ஒரு வரைபடம் இருந்தது. இரண்டும் தத்தம் அளவில் சரியாகவும் இருந்திருக்கலாம். ஒன்றிலிருந்து மற்றதற்கு அம்பு போட ஒருவரும் இருக்கவில்லை.

பெரிய அளவில் இதற்கு யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்தைப் பார்க்கலாம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியுடன் வகுக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் நீர்மூலமாக முதலில் கருதப்பட்டது இரணைமடுக்குளம். அந்த நீரை நம்பி நெல் விளைவிக்கும் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். மாற்றாகத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தெரிவாகியது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு கொண்ட அந்த நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. இத்தகைய திட்டத்தில் நீர்த்தாங்கிகளும் குழாய்களும் நீர்மூலத்துக்குக் காத்திராமல் கட்டப்படலாம். அவற்றின் பட்டைகள் நிறைந்து முன்னேற்ற வீதமும் ஏறும். ஆனால் வீட்டுக் குழாயில் நீர் வரும் நாளைத் தீர்மானிப்பது நீர்மூலம் என்ற ஒரே பட்டை. விவசாயிகளின் இணக்கம் ஒரு வேலையாக எழுதப்பட்டு, அதற்கு ஒரு காலமும் ஒரு அம்பும் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று இன்று சொல்வது எளிது. பொறியியல் வரைபடங்களில் இணக்கத்துக்குப் பட்டை போடும் பழக்கம் அரிது.

வரைய என்ன வேண்டும்

ஒரு கட்டடக் குழுவுக்குக் கோடிட்ட தாளும் பென்சிலும் போதும். எக்செல்லில் கட்டங்களுக்கு நிறமூட்டியும் செய்யலாம், ஆனால் ஒரு திகதியை மாற்றினால் மற்றவை தாமாக நகரமாட்டா. நகர வேண்டும் என்றால் இலவசமாகக் கிடைக்கும் கான்ட்புரொஜெக்ட் போன்ற மென்பொருளோ, மைக்ரோசொப்ட் புரொஜெக்டோ தேவை. முந்நூறு வரிகள் கொண்ட அழகிய அச்சுப் பிரதியை விட, எல்லோருக்கும் விளங்கும் பதினைந்து வரிகள் மேலானவை. என்ன செய்யப் போகிறோம் என்பதே தெளிவாகத் தெரியாத ஆய்வு வேலைகளுக்கும் அடிக்கடி உருமாறும் மென்பொருள் உருவாக்கத்துக்கும் இந்த வரைபடம் அவ்வளவாகப் பொருந்தாது.

மென்பொருள் தரும் வசதியில் ஒரு பொறியும் இருக்கிறது. வேலை பிந்தும்போது திகதிகளை இழுத்து நகர்த்திச் சேமித்துவிட்டால், புதிய வரைபடத்தில் எல்லாம் நேரத்துக்கு நடப்பது போலவே தெரியும். முதலில் ஒப்புக்கொண்ட திகதிகளை மெல்லிய கோடாகப் பட்டைகளுக்குக் கீழே அழியாமல் வைத்திருக்க வேண்டும். இதனை அடிக்கோடு என்று சொல்லலாம். திருத்திய திட்டத்தின்படி 95 வீதம் என்று ஓர் அறிக்கை சொன்னால் அந்தத் திட்டம் எத்தனையாவது தடவை, எந்தத் திகதியில் திருத்தப்பட்டது என்று கேட்பது முறையான கேள்வி.

ஜூனில் தொடங்க நேர்ந்த சனசமூக நிலையத்துக்கு இந்த எல்லாவற்றின் பின்னும் மிஞ்சும் வழி இதுதான். கூரைக் கொங்கிறீற்றை ஒக்டோபர் முதற் கிழமைக்குள் போட்டு முடிப்பதையே அந்த ஆண்டின் இலக்காக வைத்து, வரைபடம் தயாரான அன்றே நிலைகளுக்குச் சொல்லி, கூரைக்குக் கீழே நனையாமல் செய்யக்கூடிய உட்பூச்சையும் மின்வயர் வேலையையும் நவம்பரில் முடித்து, வெளிப்பூச்சையும் வர்ணத்தையும் தொடர்வேலையாக அடுத்த ஆண்டின் மதிப்பீட்டில் இப்போதே சேர்த்துவிட வேண்டும். அந்தக் கோரிக்கையை எழுதி அனுப்புவதற்கும் வரைபடத்தில் ஒரு வரி வேண்டும். அதன் கடைசித் திகதி அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகள் திணைக்களத்திலிருந்து புறப்படும் நாளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும்.